சமையல்காரர் சட்டி

லண்டனிலிருந்து வந்த ஐந்து பேரும் முதல் வாயிலேயே "எக்ஸலண்ட்" என்றார்கள். நான் பார்த்ததோ அவர்கள் தட்டை.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை ஓட்டலாக்கி நடத்துகிறார் மேனேஜர் சிவபிரகாஷ். வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சமையலை எனக்குத் தருவதா வேண்டாமா என்பது இந்த ஒரு சாப்பாட்டில்தான் இருந்தது. "பர்வீன் அக்கா, வெள்ளைக்காரவுக. மிளகாயக் கண்ணுல காட்டிறாதீக" என்று காலையிலேயே கட்டளை. நானும் புத்தி கெட்டுப்போய் ஆட்டுக்கறிக் குழம்பை நோயாளிக் கஞ்சியாக ஆக்கி வைத்தேன்.

"பாத்தீகளா, எக்ஸலண்டாம்! வேலை உங்களுக்குத்தான்" என்று சிவபிரகாஷ் பூரித்தார்.

"சும்மா இருங்க தம்பி. தண்ணி பாட்டிலுக்கும் அதத்தான் சொன்னாக."

பொய்யில்லை. நாற்காலிக்கு பிரில்லியண்ட், நின்ற மின்விசிறி மறுபடி சுற்றியதற்கு அமேசிங். சுமாருக்கு மேலே ஏற அவர்களிடம் ஆயிரம் படி இருக்கிறது. கீழே இறங்க ஒன்றுகூட இல்லை. நம்மூரில் விரலை நக்கிச் சாப்பிட்டவர்கூட "பரவாயில்ல" என்பதோடு சரி, ஆனால் தட்டு மறுபடி நீளும். இங்கே ஐந்து தட்டிலும் கறி அப்படியே கிடந்தது. ஓர் அம்மாள் "அவுட்ஸ்டாண்டிங்" என்றபடியே ஒரு துண்டை அப்பளத்துக்கு அடியில் ஒளித்தார்.

எனக்கு முன்பிருந்த சமையல்காரருக்கும் எக்ஸலண்ட் மழைதான். தட்டில் மிச்சம் விழுகிறதென்று ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதி எனக்கு வேண்டாம்.

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனேன். சமைக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு சட்டி வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டு உப்பும் காரமும் அதில்தான் இருந்தன. தூக்கிக்கொண்டு வந்தேன்.

சிவபிரகாஷ் வழிமறித்தார். "அக்கா, கெடுத்துறாதீக! நல்லாத்தான போய்க்கிட்டு இருக்கு!"

"வாயி நல்லாத்தான் பேசுது தம்பி, கையி சோத்துக்குள்ள எறங்கலையே. வேலை போனாப் போகட்டும். அங்குட்டுத் தள்ளி நில்லுங்க."

ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினேன். ஒருவர் இருமினார். அந்த அம்மாளுக்கு மூக்கு சிவந்து கண்ணீர் கொட்டியது. ஐந்து பேருக்கும் பேச்சே நின்றுபோனது. யா அல்லாஹ், போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். காலித் தட்டை என் பக்கம் நீட்டினார்.

சட்டி வழித்துத் துடைத்தாகிவிட்டது. எங்களுக்கு மிஞ்சியது அந்த நோயாளிக் குழம்புதான். சிவபிரகாஷுக்கும் அதையே ஊற்றினேன்.

"எப்புடி இருக்கு தம்பி?"

"எக்ஸலண்ட் அக்கா" என்று தட்டைத் தள்ளி வைத்தார். "வெள்ளிக்கிழமை உங்க சட்டியவே பெருசா வைங்க."