பெயர் எழுதாத பலகை

அன்று எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், மாஸ்டர், பாத்திரம் கழுவும் அக்கா. செருப்புக் கடைக்காரர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அன்று நடந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான். அவர் தன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் சமையலறை தெரியாது. தெரிந்திருந்தால் நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருப்போம்.

எங்கள் சாப்பாட்டுக் கடையை ஆரம்பித்தவர் எங்கள் அப்பா. அவர் பெயர்தான் கடைக்கும் பெயர். அந்தப் பெயரோடு ஒரு கட்டளையையும் விட்டுப் போனார்: வேறு அடுப்பில் வெந்தது நம் வாசற்படி ஏறக் கூடாது. ரொட்டி தீர்ந்துபோனால் தீர்ந்துபோயிற்று என்று சொல்ல வேண்டும். பக்கத்துக் கடையில் வாங்கி நம் தட்டில் வைத்து நீட்டக் கூடாது. எங்கள் தெருவில் அப்படி நீட்டாத கடை எங்களுடையது ஒன்றுதான். மற்றவர்கள் எதை எங்கே வாங்கிப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

எங்களுக்கு நேர் எதிரே இன்னொரு கடை உண்டு. கடை என்பதைவிட, வாடகைக்கு விடப்படும் பள்ளம் என்று சொல்லலாம். வருகிறவர்கள் எல்லாரும் அதில் விழுந்து எழுந்து போவார்கள். ஒருவர் சூப் மட்டும் விற்றார். அதை மருந்துக் குப்பியில் கொடுத்தார். குடித்தவர்கள் நோய் குணமானவர்கள் போல மறுபடி வரவே இல்லை. அடுத்தவர், தட்டெல்லாம் பழைய நாகரிகம் என்று மரப்பலகையில் சாப்பாடு போட்டார். சாறு பலகையின் ஓரம் வரை ஓடி, அங்கிருந்து சாப்பிடுகிறவர் மடியில் இறங்கியது. பிறகு வந்தவர்கள் இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் ருசி கூடும் என்றார்கள். மின்சாரக் கட்டணம் குறைந்திருக்கும். அதற்கும் பிறகு, காலைச் சிற்றுண்டியை நாள் முழுக்கத் தருகிற கடை. நாள் முழுக்க என்றால் காலை நீங்கலாக. காலையில் அவர்களுக்குத் தூக்கம் கலையாது.

திறக்கிற அன்று பலூன் என்ன, பாட்டு என்ன! மூடுகிற அன்று சத்தமே இருக்காது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘சிறு பராமரிப்புப் பணி. விரைவில் சந்திப்போம்.’ அந்தத் தாளை ஒட்டியவர்கள் ஒருவரையும் நாங்கள் பிறகு சந்தித்ததில்லை.

சாமான்களை வண்டியில் ஏற்றிப் போகிறவர்கள் பெயர்ப்பலகையை மட்டும் ஏற்ற மாட்டார்கள். அதை யார் வாங்குவார்கள்? நாங்கள் வாங்குவோம். அது அப்பா காலத்து வழக்கம். கொல்லையில் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூரை அந்தப் பலகைகள்தான். எழுத்துப் பக்கம் கீழே பார்க்கும்படி வைப்போம். மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தால் ஒரு மனிதன் தோற்றுப்போனது அவர்கள் கண்ணில் படக் கூடாது என்பார் அப்பா. ஆகவே தெருவில் மூடிய கடைகளின் பெயர்கள் எல்லாம் பாத்திரக்கார அக்காவின் தலைக்கு மேல் இருக்கின்றன. கூரையில் ஒரு மூலை மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது. மழை பெய்தால் அக்காவின் முதுகில் நேராக விழும். அதனால் எதிரே யார் வந்தாலும் அக்கா ஒரே கேள்விதான் கேட்பார்.

“புதுசா வர்றவங்க மழைக்கு முன்னாடி மூடிடுவாங்களா, பெரியவரே?”

இந்தப் பள்ளத்தைத்தான் தம்பி மகள் எடுத்தாள். சமையல் படித்தவள், எங்கள் அடுப்பிலேயே கை பழகியவள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாதாடிக்கொண்டிருப்பதால் வந்த பெயர்.

“எதிர்க் கடையை எடுத்துட்டேன் பெரியப்பா.”

“எடுத்துட்டேன்னா? தூக்கிட்டு வந்துட்டியா?”

“வாடகைக்கு. நாளைக்குப் போர்டு மாட்டறோம். தாத்தா பேர்தான்.”

“தாத்தா பேர் இங்கே இருக்கு. அங்கே போச்சுன்னா அடுத்த வருஷம் அக்கா தலைக்கு மேல இருக்கும்.”

தம்பி மனைவி என்னிடம் நேராகப் பேச மாட்டார். மரியாதை. நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதும் தம்பியைத் தபால்காரராக வைத்துக்கொள்வார்.

“உங்க அண்ணன்கிட்ட கேளுங்க, பேத்திக்குத் தாத்தா பேர்ல பங்கு இல்லையான்னு.”

“அண்ணே, அவ என்ன கேக்கறான்னா...”

“கேட்டுச்சுடா. பங்கு இருக்கு. ஜெயிச்சுக் காட்டட்டும், நானே எழுதித் தர்றேன். அதுவரைக்கும் எங்க அப்பா பேரு அந்த வாசல்ல தொங்காது.”

“சரி பெரியப்பா,” என்றாள் வக்கீல். “தாத்தா பேர் இல்லேன்னா அங்கே வேற பேரும் கிடையாது.”

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் ஏணியில் நின்ற பெயிண்டர், பச்சை வர்ணம் பூசிய பெரிய பலகையை மாட்டிவிட்டு, எழுத ஒன்றும் இல்லாமல் தூரிகையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனார். பெயர் இல்லாத வெறும் பலகையோடு கடை திறந்தது. இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் அம்மா வழியாக இருக்கலாம்.

ஒரு மாதம் தாங்காது என்றேன். ஒரு வாரத்திலேயே வாசலில் கூட்டம். என்ன கடை என்று தெரியாததால் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களை வறுத்த மீன் வாசனை உள்ளே இழுத்துப் போட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வெறும் பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ‘விளம்பரத்தைத் துறந்த துணிச்சல்’ என்று யாரோ போனில் எழுதினார். ‘அடக்கத்தின் உச்சம்’ என்று இன்னொருவர். அடக்கமாம்! எங்கள் குடும்பத்தில்!

வக்கீல் தினமும் தெருவைக் கடந்து வந்து கூப்பிடுவாள்.

“ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க பெரியப்பா.”

“வேற அடுப்பு,” என்பேன்.

அவள் திரும்பிப் போய்விடுவாள். முகம் வாடும். மறுநாளும் வருவாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பக்கத்து வங்கியின் மேலாளர் ஓய்வுபெறுகிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் கடையில் சாப்பிட்டவர். கடைசி நாள் சாப்பாடும் இங்கேதான் என்று வங்கி முழுவதையும் மதியத்துக்கு அழைத்திருந்தார். சோறு வெந்து, சூப் கொதித்து, மீன் மசாலா தடவித் தயாராக இருந்தது. புகைபோக்கிக்குள் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கில் பொறி பட்டு லேசாகத் தீப்பிடித்தது. ஈரச் சாக்கைப் போட்டால் அடங்கியிருக்கும். மாஸ்டர் சாக்கை எடுக்கத்தான் போனார். அதற்குள் என் தம்பி, சுவரில் இத்தனை வருஷம் சும்மா தொங்கிக்கொண்டிருந்த தீயணைப்புக் குப்பியைக் கழற்றினான். தீ ஒரு சாண் இருந்தது. தம்பி அடித்த பொடி ஊருக்கே காணும். தீ அணைந்தது. சோறும் சூப்பும் மீனும் அதோடு அணைந்தன. பொடி படிந்து நின்ற மாஸ்டரைப் பார்த்தால் வடித்த மாவுப் பொம்மை மாதிரி இருந்தது.

“தீ அணைஞ்சிடுச்சுண்ணே,” என்றான் தம்பி. பெருமையாகத்தான் சொன்னான்.

“அடுப்பும் அணைஞ்சிடுச்சு. வேற எதையாவது அணைக்கணுமா?”

புகையைப் பார்த்துவிட்டு வக்கீல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்தாள். பிறகு பானைகளைப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் என் அடுப்புல வச்சிடலாம் பெரியப்பா. நேரம் இருக்கு.”

“வேண்டாம். இன்னிக்குச் சாப்பாடு இல்லேன்னு சொல்லிடலாம். அப்பா அதைத்தான் செஞ்சிருப்பார்.”

“உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க,” என்றார் தம்பி மனைவி. “மத்தியானத்துல கதவைச் சாத்தினா, சாயங்காலம் செருப்புக் கடைக்காரர் நம்ம கடையை மூடிட்டாங்கன்னு சொல்லிடுவாரு. கதவுல ஒரு தாளும் ஒட்டிடலாம். விரைவில் சந்திப்போம்னு.”

அந்தத் தாளா? எங்கள் கதவில்!

“அது வேற அடுப்பு,” என்றேன். சொல்லும்போதே குரலில் பழைய வலு இல்லை.

“அப்போ என் கையும் வேற கையா?” என்று கேட்டாள் வக்கீல். கண் கலங்கியிருந்தது. பொடி பட்டதால் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். “நீங்க சமைக்கக் கத்துக் குடுத்த கை பெரியப்பா.”

குடும்பம் ஒரு தீர்ப்புக்குக் காத்திருந்தது. வழங்கினேன். பாத்திரம் நம்முடையது போகும். அரிசியும் எண்ணெயும் நம்முடையவை. உப்பு கட்டாயம் நம்முடையது. மாஸ்டர் போவார். அடுப்பு இரவல்.

“மீன்?” என்றார் மாஸ்டர். எங்கள் மீன் பனி பெய்ததுபோலக் கிடந்தது.

“நம்ம மீன்காரர்கிட்டதான் நானும் வாங்கறேன்,” என்றாள் வக்கீல்.

அதற்கு நான் தலையை ஆட்டியதாக மாஸ்டர் சொல்கிறார்.

எதிர்க் கடைக்குப் பின்வாசல் கிடையாது. ஆகவே எங்கள் பாத்திரங்கள் பட்டப்பகலில் நடுத்தெருவில் போயின. நான் தெரு நடுவில் நின்று கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினேன். சமைத்து முடித்ததும் அதே பாத்திரங்கள் ஆவி பறக்கத் திரும்பி வந்தன. மறுபடி வண்டிகளை நிறுத்தினேன். ஒரு லாரிக்காரர் மூக்கை உறிஞ்சி, “எங்க பெரியவரே பந்தி?” என்றார். செருப்புக் கடைக்காரர் ஒரு கையில் இடது செருப்பைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார். வலது செருப்புக்காக ஒரு அம்மாள் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

பரிமாறும் முன் மூத்தவன் ருசி பார்ப்பது எங்கள் கடை வழக்கம். வேறு வழியில்லை, பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. எங்கள் உப்பு. மீனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது துண்டும் எடுத்தேன், சரிபார்ப்பதற்காக.

“எப்படிப் பெரியப்பா?”

“போடலாம்,” என்றேன். எங்கள் கடையில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது. அவளுக்கு அது தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியைத் துடைத்தாள்.

மேலாளர் சூப்பை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். முதல் நாள் குடித்த அதே ருசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் நாள் அவர் குடித்தது சூப் இல்லை, அன்று சூப் தீர்ந்துவிட்டது. திருத்தவில்லை. ஓய்வுபெறுகிற மனிதர்.

சாயங்காலம் செருப்புக் கடைக்காரர் வந்தார். கல்லாவுக்கு முன்னால், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

“என்ன பெரியவரே, இப்போ நீங்களும் எதிர்க் கடையில வாங்கிப் போட ஆரம்பிச்சுட்டீங்களாமே? நான் சொல்லலப்பா, ஊரு சொல்லுது.”

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். உண்மைதான். ஆனால் இது ஊர் இல்லை, ஒரே ஒரு வாய்.

“எதிர்க் கடைன்னா எது?” என்றேன். “அது எங்க கடை. எங்க அப்பா கடை. அந்த அறையில சமைச்சு இந்த அறைக்குக் கொண்டு வர்றோம். நடுவுல தெரு போறதுக்கு நாங்க என்ன பண்றது?”

“உங்க கடைன்னா பேரைக் காணோமே?”

“நாளைக்கு வந்து பாரும்.”

பின்னால் ஒரு தட்டு விழுகிற சத்தம் கேட்டது. வக்கீல், அங்கே தங்கிப்போன மீதிப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் பெயிண்டரை நானே அழைத்துப் போய் ஏணியை நானே பிடித்துக்கொண்டேன். அவள் சந்தோஷத்தில் அழுவாள், அதட்டி அடக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

“வேண்டாம் பெரியப்பா,” என்றாள்.

“என்ன வேண்டாம்?”

“பேர் வேண்டாம். வெறும் போர்டைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வர்றாங்க. பேர் எழுதினா இதுவும் பத்தோட பதினொண்ணு.”

“பத்தோட பதினொண்ணா? உங்க தாத்தா பேரா?”

“தர மாட்டேன்னீங்க. இப்போ வாங்க மாட்டேங்கறேன்.”

பெயிண்டர் ஏணி மேலிருந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “போன தடவையும் இப்படித்தான் சும்மா இறக்கி விட்டீங்க. முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்கய்யா,” என்றார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பாத்திரக்கார அக்காதான் பேசினார். “உள்பக்கமா எழுதிடுங்களேன். இத்தனை வருஷமா நான் உள்பக்கத்தைத்தானே படிச்சுட்டு இருக்கேன்.”

“அது மூடின கடைக்கு,” என்றேன்.

“இது மூடாத கடை பெரியப்பா,” என்றாள் வக்கீல். அவள் குரல் இப்போது இறங்கியிருந்தது. “உள்ள எழுதுங்க. சமைக்கும்போது எனக்குத் தெரியும்.”

கதவுக்கு மேலே கண்ணாடி இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்தால் பலகையின் பின்பக்கம் நன்றாகத் தெரியும். அங்கே எழுதினார் பெயிண்டர். எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மேஜையில் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தவன் முன்னால் தட்டு வைத்துவிட்டாள். எழுத்து நேராக இருந்தது. இப்போதும் மதியங்களில் போய்ச் சரிபார்க்கிறேன்.

அக்காவின் மூலை இன்னும் ஒழுகுகிறது. தார்ப்பாய் வாங்கிக் கட்டியிருக்கிறோம். “உங்க வக்கீலை நம்பிக் கெட்டேன்,” என்கிறார் அக்கா.

வங்கிக்காரர்களின் விருந்துக்கு நாங்கள் வெளியே சாப்பாடு வாங்கிப் போட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. வாங்கவில்லை. அது எங்கள் கடை.