மேசைக்கு அடியில் ஒரு குடை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. திருடிய இடம், என் அக்காவின் சமையலறை. அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக டீச்சர். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் சொல்ல, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே மனசுக்குள் குறிப்பெடுத்தேன்.

"டேய், உன் முழியே சரியில்ல. எழுதப் போறியா?"

"சேச்சே."

"எழுதித் தொலை. ஆனா யாரு பேரும் வரக்கூடாது. அந்தப் பிள்ளைக்கு வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தோண்டக்கூடாது. தோண்டினே, இந்த வீட்டுல உனக்குக் காபி கிடையாது."

அவள் போடும் காபிக்காக நான் இதைவிடப் பெரிய வாக்குறுதிகளையும் கொடுத்திருக்கிறேன்.

2

எழுதிக் கிழித்த ஆரம்பங்கள்:

'வானம் இருண்டிருந்தது. அந்தச் சிறுமியின் விழிகளிலும் அதே'

(நிறுத்தினேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

'இளம் வயதில் மனதில் படும் காயங்கள் குறித்துப் பரவலாக'

(எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

'டீச்சர் வாயைத் திறந்தால் அடுத்த தெரு நாய் எழுந்து உட்காரும்.'

இது இருக்கட்டும். பொய்யும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்பீக்கர் டீச்சர்'. இனி நானும் டீச்சர் என்றே சொல்கிறேன். அக்கா என்று எழுதினால் கை தானாக அவளை நல்லவளாக்கிவிடுகிறது.

3

காப்பகத்தில் எல்லோருக்கும் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். பெரிய பயத்தைப் பார்த்துவிட்டு வரும் சின்னப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று. முட்டி போட்டு, பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கிப் பேச வேண்டும். என்ன நடந்தது என்று பிள்ளையைத் துருவக்கூடாது. எதைச் செய்வதானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: 'இன்னும் அஞ்சு நிமிஷத்துல விளையாட்டு முடியும்', 'இப்ப லைட்டை அணைக்கப் போறேன்'. அப்புறம், குரலைத் தாழ்த்த வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் டீச்சர் மாட்டினாள்.

"இதுதான் மேடம் என் தாழ்ந்த குரல்" என்றாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பயிற்சி தந்த மேடம் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காப்பகத்துக்கே நேரில் வந்து பார்ப்பேன், பத்து வரிசை கொண்ட ஒரு தாளில் குறி போடுவேன், ஒரு வரிசை தவறினாலும் மறுபடி பயிற்சிதான் என்றார். தவறினால், அந்த மறுபயிற்சி முடியும்வரை பிள்ளைகள் அறை இன்னொருவர் கைக்குப் போகும். டீச்சர் ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போடுவாள். நான்காம் வரிசை: மென்மையான குரல்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: டீச்சருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. இதை வைத்து உங்களை அழவைக்க ஒரு பத்தி எழுதினேன். அவள் படித்துவிட்டு, "என் அறையில பதினாலு இருக்கு, உனக்குக் கணக்கு வராதா?" என்றாள். பத்தி போயிற்று.)

4

திங்கட்கிழமை டீச்சர் கிசுகிசுத்தாள்.

"எல்லாரும்… கை கழுவலாமா…"

பதினாலு பிள்ளைகளும் அவளை ஏதோ புது மிருகம்போலப் பார்த்தார்கள்.

"டீச்சர், தொண்டையில புண்ணா?"

"இல்லடா கண்ணு."

"அப்ப ஏன் பேய் மாதிரி பேசுறீங்க?"

வாண்டு ஒன்று, நம்ம டீச்சரை மாத்திட்டாங்க என்று ஓவென்று அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னும் மூன்று.

குடைக்காரி அழவில்லை. அவள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வெயிலானாலும் மழையானாலும் ஒரு மஞ்சள் குடையோடுதான் வருவாள். (குடைக்கு ஆழமான அர்த்தம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். "குடை குடைதான்டா" என்று சொல்லிவிட்டாள் டீச்சர்.) இரண்டு மாதமாக ஸ்பீக்கர் சத்தத்துக்கு நடுவில் சாப்பிட்டு, விளையாடி, பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிய குழந்தை. அன்று டீச்சர் முட்டி போட்டு, கண் மட்டத்துக்கு இறங்கி, தேன் குரலில் "வாடா செல்லம்" என்றதும், பின்னாலேயே நகர்ந்து மேசைக்கு அடியில் போய்க் குடையை விரித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் இன்னும் மென்மையாகக் கூப்பிட்டாள். குடை அரை நாள் விரிந்தே இருந்தது. புதன்கிழமை முழு நாளும். பயிற்சியில் சொன்னபடிதானே செய்கிறோம் என்று டீச்சருக்குத் தலை சுற்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் குடைக்காரியின் அம்மா செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே, தலை நிமிராமல் ஒரே ஒரு வரி சொன்னாள்.

"எங்க வீட்டுல சத்தம் போட்டாப் பயமில்ல டீச்சர். குரல் இறங்கினாத்தான்."

5

இங்கே ஒரு ஃப்ளாஷ்பேக் வர வேண்டும். பத்திரிகை ஆசிரியர் கேட்பார். அந்த வீடு, யார் அந்தக் குரல், கதவு… தொடர்கதை எழுதிப் பழகிய கைக்கு ஆறு வாரத்துக்குச் சரக்கு இருக்கிறது. டீச்சருக்குப் போன் போட்டேன்.

"அந்த அம்மா வேற என்னக்கா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? மறுநாள் நான் எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல தெரிஞ்சு என்ன பண்ண, பிரேம் போட்டு மாட்டவா?"

"வாசகர்கள் கேப்பாங்களே."

"அவங்களையும் பயிற்சிக்கு அனுப்பு."

ஆகவே அந்த வீட்டுக் கதவு இந்தக் கதையில் மூடியே இருக்கும்.

6

வெள்ளிக்கிழமை. மேடம் மூலையில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முட்டி காதைத் தொட உட்கார்ந்திருந்தார். மடியில் தாள். மேசைக்கு அடியில் மஞ்சள் குடை. சாப்பாட்டு நேரம்.

முடிவு ஒன்று: டீச்சர் கிசுகிசுக்கிறாள். பத்து வரிசையிலும் குறி. அறை அவளுக்கே. குடை மட்டும் மடங்கவில்லை.

முடிவு இரண்டு: டீச்சர் கத்துகிறாள். குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டுகிறார். ("த்தூ" என்றாள் இதைப் படித்த டீச்சர். அதிகாரபூர்வ விமர்சனம்.)

நடந்தது இது. டீச்சர் மேசைக்கு ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள். மேடத்தின் பேனாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் சொந்தக் குரலில், ஜன்னல் அதிர, சொன்னாள்:

"டீச்சர் இப்ப சத்தமாப் பேசப் போறேன்! சாப்பாட்டைப் பத்தி மட்டும்தான் பேசுவேன்! சாதம் சூடா இருக்கு! உன் தட்டு பெரிய ஜன்னல் பக்கம் இருக்கு! நீ எப்ப வந்தாலும் அங்கயேதான் இருக்கும்! நானும் இங்கயேதான் இருப்பேன்!"

"அப்பாடா, டீச்சர் வந்துட்டாங்க" என்றது வாண்டு.

மேசைக்கு அடியில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். குடை பாதி மடங்கியது. நான்காம் வரிசைக்கு மேலே மேடத்தின் பேனா நின்றது.

7

அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். வெளியே வருகிற நேரத்தை அந்தப் பிள்ளைதான் முடிவு பண்ண வேண்டும். நானோ நீங்களோ இழுத்து வெளியே போடக்கூடாது. பேனாவை வேண்டுமானால் உங்களிடம் தருகிறேன். நான்காம் வரிசையில் நீங்களே குறி போடுங்கள்.

அதுவரை தரையில் உட்காருங்கள். ஒரு கை தூரத்தில். கூப்பிட வேண்டாம்.

இந்தக் கதை இப்போது முடியப் போகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சத்தமாகவே. இன்னும் இரண்டு வரிதான். தட்டு ஜன்னல் பக்கம் இருக்கிறது.

இதுதான் கடைசி வரி. பயப்படாதீர்கள், நான் இங்கேயேதான் இருக்கிறேன்.