அத்தையின் படிகம்

அந்த நொதி ஒருநாளும் படிகமாகாது என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கைவிட்ட பிறகும் அவள் விடவில்லை. படிகமானால்தான் அதன் உருவத்தை எக்ஸ் கதிரில் பார்க்கலாம், எந்த மடிப்பில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லலாம். தம்பி மகள் சிட்டு அந்த நொதி இல்லாமலே பிறந்தவள். தொழிற்சாலையில் திரவமாகத் தயாரித்து வரும் அதை வாரம் ஒருமுறை ஊசியில் ஏற்றுவதால்தான் அந்தக் குழந்தை எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது.

உப்பை மாற்றிப் பார்த்தாள், குளிரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். வருடங்கள் ஓடி, தலை நரைத்ததுதான் மிச்சம். பிறகு ஒரு காலையில் உருப்பெருக்கியின் கீழே ஒரு துளிக்குள் ஊசி ஊசியாக ஏதோ மின்னியது. அவள் உடனே யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரமாவது அது தனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்று தோன்றியது.

அடுத்த வாரம் எல்லாத் துளிகளிலும் படிகம். அதன் பிறகு, அவள் தொடாத குழாய்களிலும். பக்கத்து அறை ஆய்வாளர் தன்னுடைய குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"மேடம், நீங்க எட்டிப் பார்த்தாலே போதும் போல. பயந்துபோய் வரிசையில நின்னுடுது."

படிகம் வளர்ப்பவர்களுக்கு இதன் காரணம் தெரியும். விதை என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத படிகத்தூள் ஒன்று திரவத்தில் விழுந்தால் போதும், அதுவரை தன் போக்கில் திரிந்த மூலக்கூறுகள் அதன்மேல் ஒவ்வொன்றாக வந்து அடுக்கிக்கொள்ளும். அந்தத் தூள் சட்டை மடிப்பில் இருக்கும், தலைமுடியில் இருக்கும். அவளுக்கும் இது தெரியாததல்ல. தெரிந்தே சிரித்தாள். இத்தனை காலம் முகம் கொடுக்காத ஒன்று இப்போது போகுமிடமெல்லாம் கூடவே வருகிறது என்பது உள்ளுக்குள் இனித்தது.

அந்த இனிப்போடுதான் மருந்துத் தொழிற்சாலையின் அழைப்பை ஏற்றுப் போனாள். மேலாளர் அவளைக் கலவை அறை வரைக்கும் கூட்டிப்போனார். உடைக்கு மேலே வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி. பெரிய தொட்டியின் மூடியை அவளுக்காக ஒரு கணம் திறந்தார்கள். உள்ளே சிட்டுவின் மருந்து, பார்க்கத் தண்ணீர் போல. அவள் ஆசையாகக் குனிந்து பார்த்தாள்.

சில வாரங்கள் கழித்து மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். புட்டிகள் கலங்குகின்றனவாம். தண்ணீரைச் சோதித்தாயிற்று, கண்ணாடியை மாற்றியாயிற்று, திருஷ்டி சுற்றாததுதான் பாக்கி என்றார். கலங்கியது ஊசியில் ஏறாது, ஏறினாலும் உடம்பில் வேலை செய்யாது. நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார். திறந்த தொட்டியின்மேல் தான் குனிந்தது அவளுக்கு நினைவு வந்தது. பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டுத் தம்பி மனைவியை அழைத்தாள். எப்போதும்போலப் போன வாரமும் சிட்டுவுக்குத் தன் கையால் ஊசி போட்டது அத்தைதான்.

"திறந்த புட்டியை வெளிச்சத்துல தூக்கிப் பாரு."

"நல்லாத்தான் இருக்கு அண்ணி." குளிர்பெட்டியின் கதவு மூடும் சத்தம் கேட்டது. "அடியில மட்டும் சர்க்கரை மாதிரி மினுமினுன்னு என்னமோ. அழகாத்தான் இருக்கு."

அதைக் கொட்டிவிடச் சொன்னாள். திறக்காத புட்டி எத்தனை என்று கேட்டாள். ஒன்றே ஒன்று.

மேலாளரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. கட்டடத்தையே கழுவிச் சுரண்ட வேண்டியிருக்கும், பல மாதம் தயாரிப்பு நிற்கும், அதன் பிறகும் திரவம் திரவமாகவே இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது என்றார். வேறெங்கும் அந்த மருந்து தயாராவதில்லை. கடைசியாக, "நீங்க மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க," என்றார்.

கடைசிப் புட்டிக்கான நாள் வந்தது. கையை நீட்டுவதென்றால் சிட்டு அத்தையிடம்தான் நீட்டுவாள். நான் வரக்கூடாது, நீயே போடு என்று தம்பி மனைவியிடம் காரணத்தோடு சொன்னாள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. நடுவில் குழந்தை தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டது.

"அத்தை, என்மேல கோவமா?"

"இல்லடா கண்ணு. அத்தைக்கு உடம்பு சரியில்ல."

குளித்தாள். மறுபடியும் குளித்தாள். உடுத்தியதை எல்லாம் மூட்டை கட்டி வெளியே எறிந்தாள். பிறகும் இருப்புக்கொள்ளாமல் தம்பி வீட்டுத் தெருவுக்குப் போய் எதிர்ச்சாரியில் நின்றாள். சன்னல் திறந்திருந்தது. தம்பி மனைவி புட்டியின் ரப்பரில் ஊசியைக் குத்தி இழுப்பதும், சிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவதும் தெரிந்தன. ஊசி ஏறியது. குழந்தை அழவில்லை.

மீதியோடு புட்டியைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பஞ்சை அழுத்தினாள் தாய். அடுத்த வாரத்துக்கு அந்த மீதிதான்.

அப்போது சிட்டு திரும்பி அத்தையைப் பார்த்துவிட்டாள். சன்னலுக்கு ஓடிவந்து கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கையாட்டினாள். பதிலுக்குக் கையை உயர்த்தப் போன அத்தை அப்படியே நிறுத்திக்கொண்டாள். காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து அந்த வீட்டை நோக்கி வீசிக்கொண்டிருந்தது.