பதினோராவது குரல்

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு நேரமானதும் கீழே இனாயத்துல்லா பாயின் பட்டறையில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பை தைக்கும் கனத்த மெஷின்கள் அவை. ஓடும்போது மாடி அறையின் தரையே அதிரும். தாராவியில் அந்த வீட்டுக்கு அமைதி என்று ஒன்று கிடைப்பது இந்த நேரத்தில்தான். ஆட்கள் தொழுதுவிட்டுச் சாப்பிட்டுத் திரும்பும்வரை இருக்கும். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

"மெஷினெல்லாம் பந்த் ஆயிட்டு மதினி, ஆரம்பிப்போமா?" என்றான் தமிழ்செல்வன்.

முத்துமாரி தலையை மட்டும் அசைத்தாள். பேச்சுக்குக்கூடக் குரலைச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை.

அவள் அவனுடைய அண்ணன் சொரிமுத்துவின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மெல்லிசைக் குழுவில் பாடி வருகிறவள். தாராவி, பாண்டுப், டிராம்பே என்று தமிழர்கள் கோயில் கொடை நடத்தும் இடமெல்லாம் அவள் குரல் தெரியும். ஆனால் மேடையில் பாடியதெல்லாம் பிறர் போட்ட பாட்டு. அவளே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று உண்டு. வாத்தியமே கிடையாது, பதினோரு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், பதினொன்றும் அவளுடையதாகவே இருக்கும். என்றைக்காவது செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அப்போதுதான் கழுத்தில் கட்டி வந்தது.

டாக்டர் படம் வரைந்தே காட்டியிருந்தார். குரலை அசைக்கிற நரம்பு கட்டிக்கு நேர் பின்னால் ஓடுகிறது. கவனமாகத்தான் அறுப்போம், பேச்சு வந்துவிடும், உச்சத்தில் பாடுவதைப் பற்றி மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். விடிந்தால் சனிக்கிழமை, அட்மிட் ஆக வேண்டும்.

ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாட வழியில்லை. சில வாரங்களாகவே குரல் எப்போது திறக்கும், எப்போது இருமல் வந்து அடைக்கும் என்று அவளுக்கே தெரியாது. திறக்கிற நேரத்தில் மைக் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் தமிழ்செல்வன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்தான்.

செம்பூரில் அவனுக்குச் சின்னக் கடை. அலுவலகங்களுக்கு எத்தனையோ கம்ப்யூட்டர் கட்டியிருக்கிறான். பாட்டுக்கென்று கட்டியது இதுதான் முதல். அலுவலகத்தில் ஃபைல் ஒரு நொடி தாமதமாகத் திறந்தால் யாரும் சாகப்போவதில்லை. பாட்டு அப்படியில்லை. மைக்கிலிருந்து சத்தம் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டு உள்ளே போகிறது. ஒரு பொடி பிந்தினாலும் அந்த இடத்தில் ஒலி கிழிந்து காதில் 'டக்' என்று விழும். போதாததற்கு, மைக் இருக்கிற அறையிலேயே கம்ப்யூட்டரும் இருந்தாக வேண்டும். அது மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. பெரிய, மெதுவாகச் சுற்றுகிற ஃபேன்களாகத் தேடி வாங்கினான். அவற்றுக்கு ரப்பர் வைத்துத் திருகினான். நாள் முழுக்க மெமரியைச் சோதித்தான். பிறகு எத்தனையோ குரல்களை ஒன்றாக ஏற்றி ஓடவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு கிழிசல்கூட இல்லை.

பத்துக் குரல்கள் அப்படியே சுத்தமாக ஏறின. மிச்சம் இருந்தது பதினோராவது. எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற குரல். ரகசியம் சொல்வதுபோலத் தொடங்கி, கடைசி வரியில் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். தொடக்கம் அவ்வளவு மெல்லியது என்பதால், முன்பு பாடிப் பார்த்தபோது ஃபேனின் சன்னமான காற்றும் அதில் கேட்டது. அன்று காலைதான் அவன் கம்ப்யூட்டரை மைக்கிலிருந்து தள்ளி, இரும்பு பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். மைக் செருகியிருந்த சிறிய பெட்டியின் கேபிள் கம்ப்யூட்டரின் பின்பக்கம்வரை எட்டவில்லை. முன்பக்கத் துளையில் செருகினான். ஃபேன் சத்தம் போய்விட்டதா என்று மட்டும் கேட்டுப் பார்த்தான். போய்விட்டிருந்தது.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். சொரிமுத்து கட்டிலின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாஹிமில் பேக்கரி வேலை அவனுக்கு. இன்று லீவு போட்டிருந்தான். ஏற்கெனவே ஒருமுறை தொண்டை வீங்கி ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருந்தது. மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் அவன் முகத்தில் காலையிலிருந்தே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரே தடவைதான் பாடலாம் என்று அவளிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

முத்துமாரி பாடினாள். ஒரு மாதமாக அந்தக் குரலை இவ்வளவு தெளிவாகத் தமிழ்செல்வன் கேட்டதில்லை. இருமல் இல்லை, பிசிறில்லை.  கடைசி வரிக்கு அவள் மூச்சை இழுத்த அதே நேரத்தில் திரையின் மூலையில், ஒலி கிழிந்தால் எரிகிற சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. அவன் முன்னால் சாய்ந்தான். மறுபடி மின்னியது.

நிறுத்தச் சொல்லக் கை எழுந்தது. நிறுத்தினால் இந்த மூச்சு போய்விடும். நிறுத்தாவிட்டால் அந்த 'டக்' பாட்டுக்குள் விழுந்துகொண்டேயிருக்கும். எழுந்த கை பாதியிலேயே நின்றது. அவள் உச்சத்தைத் தொட்டு, அங்கேயே நின்று, இறங்கினாள்.

அவன் தன் ஹெட்ஃபோனில் கடைசி வரியை மட்டும் ஓட்டினான். உச்சிக்கு ஏறும் இடத்தில் 'டக்'. நின்ற இடத்தில் இன்னும் இரண்டு. புதுத்துணியைக் கத்தரி நுனியால் குத்தியதுபோல இருந்தது.

"எப்படி வந்திருக்கு?" அவள் கேட்டாள். குரல் அதற்குள் கம்மியிருந்தது.

தமிழ்செல்வன் நிமிர்ந்தான். அவளுக்குப் பின்னால் சொரிமுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியின் முகத்திலேயே விஷயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாதே என்று தலையை மெல்ல ஆட்டினான். கண்ணில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

நல்லா வந்திருக்கு என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் நிம்மதியாகப் படுப்பாள். நாளை ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு என்றைக்காவது கேட்பாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது பாடித் திருத்துவதற்கு அந்தக் குரல் இருக்குமா? இன்றைக்கு இருக்கிறது. தீர்மானிக்க வேண்டியது அவள்.

"கடைசி வரி போயிட்டு மதினி," என்றான். "நீங்க பாடினதுல ஒரு குறையும் இல்ல. தப்பு எம்மேலதான். கம்ப்யூட்டர மாத்தி வச்சவன் திரும்ப டெஸ்ட் பண்ணல."

 சொரிமுத்து எழுந்தான்.

"ஏல, வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா உனக்கு?" சத்தம் போடாமல்தான் சொன்னான், அது இன்னும் மோசமாக இருந்தது. "நாளைக்கு வீங்கிட்டுன்னு திருப்பி அனுப்புனா நீயா வந்து பதில் சொல்லுவ?"

முத்துமாரி கணவனைப் பார்க்கவேயில்லை. "அந்த ஒரு வரிதானே?" என்று தமிழ்செல்வனிடம் கேட்டாள். அதை மட்டும் பாடினால் ஒட்ட முடியும் என்றான். அப்படியானால் முதலில் கோளாறைக் கண்டுபிடி, அதுவரை நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லி, வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாறியது என்ன என்பதை அவன் யோசித்தான். இடம், கேபிள், துளை. ஒரே சீரான 'ம்ம்' ஒலியை ஓடவிட்டுப் பதிவு செய்துகொண்டே, முன்பக்கக் கேபிளை விரலால் லேசாகத் தட்டினான். சிவப்பு மின்னியது. கம்ப்யூட்டரைத் திறந்து டார்ச் அடித்தான். முன்பக்கத் துளையிலிருந்து உள்ளே போகும் வயர் அதன் இடத்தில் முழுதாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. செம்பூரில் முன்பக்கத்தை அவன் ஒருமுறைகூடப் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

அதை அழுத்திவிட்டால் போதுமாயிருந்தது. ஆனால் இனி அந்தத் துளையை நம்ப அவனுக்கு மனம் வரவில்லை. பீரோவை நகர்த்தி, கம்ப்யூட்டரைத் திருப்பி, பின்பக்கத் துளையிலேயே செருகினான். பத்துக் குரல்களையும் ஓடவிட்டு அந்த 'ம்ம்' ஒலியை மறுபடி பதிவு செய்தான். இந்தமுறை கேபிளைத் தட்டினான், கம்ப்யூட்டரைத் தட்டினான், பீரோவையும் தட்டினான். விளக்கு மின்னவில்லை. பதிவானதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டான். சுத்தம்.

அப்போது கீழே ஒரு மெஷின் கடகடவென்று உயிர்பெற்றது. தொடர்ந்து இன்னொன்று. டம்ளரில் வெந்நீர் நடுங்கியது.

முத்துமாரி கண்ணை மூடிக்கொண்டாள்.  சொரிமுத்து சற்றுநேரம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் இரும்பு ஏணியில் இறங்கிப் போனான். இந்தியில் அவன் ஏதோ சொல்வதும், பாய் தமிழில் பதில் சொல்வதும் கேட்டன. ஒரு மெஷின் நின்றது. மற்றவையும் நின்றன.

அவன் மேலே வந்து வாசலிலேயே நின்றுகொண்டான். "பாய் ஆளுங்களுக்கு சாயா சொல்லி விட்டிருக்காரு. பாடு," என்றான்.

முதல் தடவை குரல் பாதி ஏற்றத்திலேயே உடைந்தது. இருமல் வந்தது. சொரிமுத்து கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நின்று பாடிக்கொண்டிருந்தவள் இந்தமுறை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மைக்கைத் தாழ்த்தச் சொல்லிக் கை காட்டினாள். தமிழ்செல்வன் தாழ்த்தினான்.

உச்சத்துக்கு அவள் இப்போது பாய்ந்து போகவில்லை. தடவித்தடவி ஏறினாள். தொட்ட குரல் மெலிந்திருந்தது, ஓரத்தில் மணல்போல ஒரு கரகரப்பு. ஆனாலும் நின்றது. தமிழ்செல்வன் சிவப்பு வரும் மூலையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"வந்துட்டா?" என்று கேட்டது சொரிமுத்துதான்.

தமிழ்செல்வன் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டே பதில் சொன்னான். "வந்துட்டுண்ணே."

மறுநாள் தொண்டை வீங்கவில்லை. ஆபரேஷன் நடந்தது. பேச்சு சில நாட்களில் வந்தது, காற்று கலந்த பேச்சு. உச்சம் வரவில்லை. நாலைந்து மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பொறுத்தும் வரவில்லை. மேடையில் அவள் இடத்தில் குழு வேறு பெண்ணைப் போட்டுக்கொண்டது. அதை அவளிடம் சொல்ல வந்தவர்களுக்கு அவளே சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அன்று மாலை மட்டும் யாரோடும் பேசவில்லை.

பாட்டை முழுதாக அவள் ஒரே முறைதான் கேட்டாள். சொரிமுத்துவோ பேக்கரிக்குப் போகும் பஸ்ஸில் தினமும் கேட்கிறான். கடைசி வரி வரும்போது இன்னமும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதாகத் தம்பியிடம் ஒருநாள் சொன்னான்.

சென்ற வெள்ளிக்கிழமை தமிழ்செல்வன் போனபோது திரையில் புதிதாக ஒரு பாட்டு திறந்திருந்தது. நாலு குரல் ஏறியிருந்தது, எல்லாம் தணிந்த குரல். மேலே வர வேண்டிய குரலுக்கு டிராம்பேயிலிருந்து பூமாரி என்ற பெண் வருகிறாள், ஹெட்ஃபோன் இன்னும் ஒன்று வேண்டும் என்றாள் முத்துமாரி. சொல்லிவிட்டு, கீழே மெஷின்கள் ஓய்கின்றனவா என்று காது கொடுத்துக் கேட்டாள்.