துணிக்குள் ஊற்றிய உத்திரம்

சென்ட்ரிங் ஆட்களுக்கு நடுவே அவனுக்கு, மூலை நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற கருவியின் பெயரான மூலைமட்டம் என்பதே பெயர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்துப் பெட்டி கட்டுகிறவன். இருபத்தாறு வருடமாக அவன் கட்டிய பெட்டியில் ஒரு மூலைகூடக் கோணியதில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட மேசை விளிம்புக்கு நேராக நகர்த்திவிட்டுத்தான் கையை வைப்பான் என்று அவன் மச்சினன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அந்த மச்சினன் கலவை இயந்திரம் ஓட்டுகிறவன். இயந்திரம் நின்றாலும் அவன் வாய் நிற்காது.

அப்படிப்பட்ட மூலைமட்டம் அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு துணிக்குள் கையை விட்டபடி திகைத்து நின்றான், பாருங்கள்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. முன்கூடத்துக்குப் பன்னிரண்டு உத்திரம். வழக்கம்போல அத்தனைக்கும் பலகைப் பெட்டி அடிப்போம், மூன்று மாதத்துக்குக் கவலையில்லை என்று அவன் நம்பியிருந்தான். ஆனால் சில நாளைக்கு முன்னால், புதிதாக வந்த இன்ஜினியர் பெண் ஒரு சுருட்டுத் துணியோடு வந்தாள். சாக்கு மாதிரி நெய்த பிளாஸ்டிக் துணி.

"மேஸ்திரி அண்ணே, பீமுக்கு நடுவுலதான் பலம் வேணும். ஓரத்துல அவ்வளவு தேவையில்ல. பலகைப் பெட்டியில ஊத்தினா எல்லா இடத்துலயும் ஒரே கனம், பாதி சிமெண்ட் சும்மா படுத்துக் கெடக்கும். துணியைத் தூளி மாதிரி தொங்கவிட்டு ஊத்தினா நடுவுல தானா இறங்கிக்கும், ஓரத்துல மெலிஞ்சுக்கும். மூணுல ஒரு பங்கு மிச்சம். உங்க பலகை நாலு தடவையில விறகுக்குப் போயிடும். துணி அப்படி இல்ல, அலசி அலசிப் போடலாம்."

அவனுக்குப் பாதி புரிந்தது. மீதியையும் புரிந்துகொள்வதற்குள் அவள் இன்னொன்று கேட்டாள். "இதைத் தைக்க நல்ல கை வேணும். தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

பக்கத்தில் நின்ற மச்சினன் முந்திக்கொண்டான். "ஏன் இல்ல? எங்க அக்கா இருக்காளே! மாமாவோட வீட்டம்மா!"

அவன் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஆயத்த உடை வந்து சேர்ந்ததிலிருந்து அவளுடைய இரண்டு மெஷினில் ஒன்று உறை போட்டே கிடந்தது. வரைபடத்தைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அளவு யாரோடது?" என்பதுதான். உடம்பு முதலில், துணி பிறகு என்றே பழகியவள். இங்கே துணி முதலில், உடம்பு பிறகு. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இரண்டு நீளத் துண்டுகளை வெட்டி, தூளியின் அடிவயிற்றில் ஒரே நீளத் தையலாக இணைத்து முடித்தாள்.

பெரிய அதிகாரி ஒரே ஒரு சோதனைக்குத்தான் சம்மதித்திருந்தார். இந்த ஓர் உத்திரம் ஒழுங்காக வந்தால் மற்ற பதினொன்றும் துணியில். கெட்டுப்போனால் எல்லாம் பலகைக்கே திரும்பும். அதாவது, மனைவியின் மெஷின் ஓடினால் இவன் சுத்தியல் ஓயும். இவன் சுத்தியல் ஓடினால் அந்த உறை கழற்றப்படாது. எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமலே அவன் துணியைத் தொங்கவிட மரச்சட்டம் அடித்துக் கொடுத்திருந்தான்.

இப்போது துணி சட்டத்தில் தொங்கியது. வெளியிலிருந்து பார்க்க அழகு. தையல் வழவழவென்று ஓடியது. உள்ளே கையை விட்டவனுக்குத்தான் கோளாறு தட்டுப்பட்டது. துணியின் வெட்டு விளிம்பு இரண்டு விரல் உயரத்துக்கு உள்பக்கம் நெடுக நிமிர்ந்து நின்றது. கான்கிரீட் ஊற்றினால் அதைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் துணி உரியாது, கிழியும். உத்திரத்தின் வயிற்றில் நூலும் துணியுமாகத் தொங்கும்.

அல்லது அப்படித்தான் இருக்க வேண்டுமோ? அவனுக்குச் சந்தேகம். பலகையென்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். துணியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? வரைபடத்தை எடுத்துப் பார்த்தான். தையல் வரும் இடத்தில் ஒரு புள்ளிக்கோடு மட்டும் இருந்தது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அப்போதும் அது புள்ளிக்கோடாகவே இருந்தது.

"ஜல்லி போட்டாச்சு, மணல் போட்டாச்சு, சிமெண்ட்டும் போட்டாச்சு! தண்ணி ஊத்தட்டுமா மாமா?" என்று மச்சினன் கத்தினான்.

சொல்லலாமா? சொன்னால் பதினோரு பெட்டி போச்சு. சொல்லாவிட்டால்? யாரும் அவனைக் குறை சொல்லப்போவதில்லை. கையை வெளியே எடுத்தான். திரும்ப உள்ளே விட்டான்.

"என்னங்க, அதையே தடவிக்கிட்டு நிக்கிறீங்க?" தன் துணியில் ஊற்றுவதைப் பார்க்க வந்திருந்த மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தாள்.

"ஒண்ணுமில்ல."

"தையல் நேரா இருக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தன் தையலைப் பற்றி அவள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டவள் முகத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் பயம்.

"நேராத்தான் இருக்கு," என்றான். "ஆனா... பக்கம்தான் மாறிப்போச்சோன்னு..."

"எந்தப் பக்கம்? நல்ல பக்கம் வெளியதானே தெரியணும்?"

"எது வெளிய?"

"இதென்ன கேள்வி? இதோ, நாம நிக்கிறது வெளிய."

"நமக்கு வெளிய. கான்கிரீட்டுக்கு?"

"கான்கிரீட் உள்ள இருக்கு."

"துணியை உரிச்சப்புறம்?"

அவள் தானும் துணிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். இன்ஜினியர் பெண் ஓடி வந்தாள். அவளுக்கும் சட்டென்று பிடிபடவில்லை. தன் சட்டைக் கையை மடித்துப் பார்த்தாள், பிறகு உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தாள். "இருங்க, இருங்க. துணியோட உள்பக்கம்தான் பீமோட வெளிப்பக்கம். அப்ப தையல் விளிம்பு... வெளிய... இல்ல, உள்ள... அய்யோ!"

"அப்ப நான் பனியனைத் திருப்பிப் போட்டா, நான் உள்ள இருக்கனா வெளிய இருக்கனா?" என்றான் மச்சினன்.

"நீ வாயை மூடிக்கிட்டு இரு, அது போதும்," என்றாள் அக்கா.

"தண்ணி?"

"ஊத்தாதே!" மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஆணிகளைப் பிடுங்கினார்கள். பதினைந்தடித் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளதை வெளியே திருப்பினார்கள். நடுவில் யாரோ இரண்டாம் முறை திருப்பிவிட, பழையபடி ஆகிவிட்டது. மறுபடி திருப்பினார்கள். அவள் தைக்கும்போது போட்டிருந்த சுண்ணாம்புக்கட்டிக் குறியெல்லாம் எங்கோ ஒளிந்துகொண்டது. கடைசியில் மூலைமட்டம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டான். வழவழப்பு. விளிம்பு எங்கும் தட்டவில்லை. "இதுதான். அடிங்க ஆணியை," என்றான்.

கம்பியை உள்ளே இறக்கி, கலவையை ஊற்ற ஊற்றத் துணி வயிறு தள்ளியது. சற்று நேரத்தில் அதன் மேலெல்லாம் நீர் முத்து முத்தாக வியர்த்தது. "ஒழுகுது! ஒழுகுது!" என்று மூலைமட்டம் சாக்கைத் தேடி ஓடினான். பெட்டி ஒழுகினால் அவனுக்கு மானம் போகிற காரியம். இன்ஜினியர் பெண் அவனைத் தடுத்தாள். "விடுங்கண்ணே. தண்ணிதான் போகுது, சிமெண்ட் உள்ளேயே நிக்குது. அதனாலதான் மேல்தோல் கெட்டியா வரும்."

ஒழுகினால் நல்லதாம். அவன் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எட்டாம் நாள் துணியை உரித்தார்கள். வாழைத்தண்டுப் பட்டை போல ஒரே இழுப்பில் வந்தது. உத்திரம் நடுவில் கனத்து, இரு முனையிலும் மெலிந்து, இத்தனை நாளும் அங்கேயே வளர்ந்தது போல நின்றது. அடிவயிற்றில் மெல்லிய தழும்பாக அவளுடைய தையல் ஓடியது. அவன் மூலைமட்டத்தை எடுத்து இங்கே வைத்தான், அங்கே வைத்தான். எங்கேயும் அது உட்காரவில்லை. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையால் தடவினான். கல்தான். கண்ணுக்கு மட்டும் தலையணை.

"பதினொண்ணும் துணிதான்," என்றாள் இன்ஜினியர் பெண். "அண்ணே, சட்டம் மட்டும் இன்னும் ஒண்ணு போதும். கோடியில இருக்கிற நாலு பீம் நீளம் அதிகம். அதுக்கு வேற துணி தைக்கணும், அக்கா."

சட்டம் இரண்டு நாள் வேலை. அப்புறம்?

வீட்டில் அவள் இரண்டாவது மெஷினின் உறையை எடுத்தாள். உடனே உட்காரவில்லை.

"ஏன் சொன்னீங்க?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பேசாம இருந்திருந்தா பலகை உங்களுக்குத்தானே?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "தெரியல," என்றான்.

"நான் வந்து கேக்காம இருந்திருந்தா?"

"அதுவும் தெரியல."

அவள் முகத்தில் இருந்தது கோபமா, சிரிப்பா என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் துணிச் சுருளைத் தரையில் உருட்டிவிட்டாள். அறையைத் தாண்டி வாசற்படி வரைக்கும் அது ஓடியது.

"இருபதடி. ஒத்தை ஆளாத் தள்ள முடியாது. அந்த முனையைப் பிடிங்க."

அவன் வாசற்படியில் குந்தி முனையைத் தூக்கினான். மெஷின் ஓட ஆரம்பித்தது.

"இரு, இரு," என்றான். "இப்ப எந்தப் பக்கம் மேல வரணும்?"

மெஷின் நின்றது. அவள் துணியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள்.