பதிவில் இல்லாத பொங்கல்

இரண்டு முறை கலைந்தபின் தங்கிய கரு. ஏழாம் மாதம். சர்க்கரை ஏறினால் பிள்ளை மிகையாகப் பருக்கும். தாழ்ந்தால் தாயே மயங்கி விழலாம். ஆகவே ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் புனிதாவின் உடலுக்கென்றே ஒரு கணினி மாதிரியை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். கையில் ஒட்டிய கருவி சர்க்கரையை அளக்கும். உண்டதை அவள் கைப்பேசியில் பதிவிடுவாள். இரண்டையும் கற்று, எத்தனை யூனிட் இன்சுலின் என்று மாதிரி சொல்லும். திரைக்குப் பின்னே தன் சாயலில் ஒருத்தி, நீருக்கடியில் நடப்பவள்போல உலவி, தான் உண்பதையே உண்டுவருவதாகப் புனிதா கற்பனை செய்துகொண்டாள்.

திரைக்குப் பின்னிருந்த அவளிடம் புனிதா ஒன்றை மட்டும் சொன்னதில்லை. வெள்ளிக் காலைகளில், செம்பனைக்காடாகிவிட்ட பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முத்தம்மா இலையில் வைத்துத் தரும் சர்க்கரைப் பொங்கல். ஒளிக்கும் எண்ணமில்லை. பிரசாதத்தை இட்லியோடும் மீ நூடுல்ஸோடும் சேர்த்து எழுதுவது அதை எச்சிலாக்குவதுபோல இருந்தது.

"வெள்ளிக்கிழமை மட்டும் ஏறுதே, ஸ்பெஷலா ஏதும் சாப்புடுறீங்களா?" என்று தாதி சரளா கேட்டபோதும், "இல்லக்கா" என்றாள், மனமறிந்த பொய்யென்ற உணர்வே இல்லாமல். இவள் உடலின் இயல்பே அதுவென்று மாதிரி கற்றது. வெள்ளிக்கான மருந்து வாராவாரம் கூடியது.

ஒரு வெள்ளியன்று, மாதிரி சொன்ன கூடுதல் அளவுக்கே ஊசி போட்டு, இரண்டு இட்லி தின்று, கணவனோடு புறப்பட்டாள். கோயிலில் பூட்டுத் தொங்கியது.

"முத்தம்மா பாரிட் புந்தாருக்கு மக வூட்டுக்குப் போயிருக்கும். வா, திரும்பிப் போலாம்" என்றான் விக்னேஸ்வரன்.

பாதி வழியில் பனிமூட்டம் காருக்குள்ளும் புகுந்ததுபோல இருந்தது. சுண்ணாம்பு மலைகள் வேர் அறுந்து, மெதுவாக, ஓசையின்றி வானில் நகர்ந்தன. அழகாய்த்தான் இருந்தது. கழுத்தில் மட்டும் குளிர்ந்த வியர்வை. கைப்பேசி எங்கோ தொலைவில் அலறியது.

"என்னா சத்தம் அது?"

"ஒண்ணுமில்லைங்க... மலையெல்லாம் மெதக்குது."

"அலாமாக்! மலை மெதக்குதா?" எட்டிப் பார்த்தான். சர்க்கரை மூன்று புள்ளி ஒன்று; நான்குக்குக் கீழே இறங்கக் கூடாதது. வண்டி லத்தீபாவின் சாப்பாட்டுக் கடை வாசலில் போய் நின்றது.

"அக்கா, ஒரு சீராப், சீக்கிரம்லா!"

"சீனியைக் கண்ணுலயே காட்டாதன்னு நேத்துத்தான் சண்டை போட்டா உன் பொண்டாட்டி!" என்றபடியே லத்தீபா சிவப்புச் சர்க்கரைப்பாகை நீரில் கலக்கி, புனிதாவின் வாயருகே பிடித்தாள். "குடி தங்கச்சி. அப்புறமா என்னைய ஏசிக்க."

மலைகள் ஒவ்வொன்றாய்த் தரையிறங்கின. கால் மணி நேரத்தில் எண் நான்கரைக்கு ஏறியது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டபோதுதான் அச்சம் அவளை எட்டியது.

"இன்னைக்கு என்னா மாத்திச் செஞ்சே?" என்று கேட்டான் விக்னேஸ்வரன்.

"ஒண்ணும் இல்ல. பொங்கல்தான் சாப்புடல." சொன்ன பிறகே சொன்னதன் பொருள் விளங்கியது.

"அதை நீ எழுதுறதே இல்லையா?"

"பெரசாதத்தை எப்படிங்க எழுதுறது?"

"சாமிக்குத் தெரியும்மா. மெஷினுக்கு யாரு சொல்றது?" என்றாள் லத்தீபா.

புனிதாவே சரளாவைக் கைப்பேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் சொல்றவரைக்கும் ஊசி போடாதீங்க. ஒடனே இங்க வாங்க. ஒவ்வொரு வெள்ளியும் எவ்வளவு சாப்புட்டீங்க?"

"ஒரு கையளவுக்கா."

விக்னேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா. ரெண்டு. ரெண்டாவதை நானா கேட்டு வாங்கினேன்."