எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள்

அலுவலகத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். வைத்தவர் மேலாளர். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் அந்த நிறுவனத்தில் ஒப்பந்தங்கள் காகிதத்தை விட்டுக் கணினிக்குக் குடிபோய் வருஷக்கணக்காகிறது. வாடகைக்கு வருகிறவர் தன் போனிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறகு நிறுவனத்தின் சார்பில் இவள் போட வேண்டும். திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் அம்பு வந்து நிற்கும். அதை அழுத்தினால் போதும், கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் இருக்கிற பக்கங்கள் எல்லாம் கண்ணில் படாமலே பறந்துவிடும். மற்றவர்கள் ஒரு ஒப்பந்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மின்னல் ஏழெட்டை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவாள்.

எதிரே மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அவள் சொல்லிக்கொடுப்பது இதுதான். "அம்பு எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்க மட்டும் கை வைங்க சார். மத்ததெல்லாம் கட்டாயம் இல்ல."

இந்த வித்தை அவளுடைய அப்பாவுக்கு மட்டும் பிடிக்காது. காலமெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். மிக்ஸி வாங்கினால் அதோடு வரும் சின்னப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருகுவார்; அதுவரை வீட்டில் யாருக்கும் சட்னி கிடையாது. "எழுதியிருக்கறதப் படிக்காம கை வைக்கிறவனுக்குத்தாம்மா ஷாக் அடிக்கும்" என்பார். அவள் சிரித்துக்கொண்டே, "உங்க காலம் வேறப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அந்த அப்பாதான் இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். குளியலறையில் விழுந்தவர் விழுந்தவர்தான். மூளைக்குள் ரத்தம் பரவிவிட்டது. மூச்சைக்கூட இயந்திரம்தான் அவருக்காக விட்டுக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவளைத் தனியாக உட்காரவைத்துப் பூசிமெழுகாமல் சொன்னார்.

"இனி திரும்ப மாட்டாரும்மா. மெஷின எடுத்தா கொஞ்ச நேரந்தான் இருப்பார். பிள்ளைங்க ரெண்டு பேரும் சம்மதிக்கணும். படிவத்த மெயில்ல அனுப்பறோம், ஒருத்தர் வெளிநாட்டுல இருக்கார்ல. ரெண்டாவது கையெழுத்து எப்ப வருதோ அப்ப நீங்க தயாராயிட்டீங்கன்னு எடுத்துக்குவோம். அவசரம் இல்ல."

மெயில் முகவரி கேட்டபோது, வாயில் வந்தது அலுவலக முகவரி. நாள் முழுக்க அவள் பார்க்கிற பெட்டி அதுதான் என்பதால் அதையே கொடுத்துவிட்டு வந்தாள்.

தம்பி வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறான். நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம்; அப்பாவும் "வேலையப் பாருப்பா, நான் எங்க போயிடப் போறேன்" என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குத் துளிர்விட்டுப் போயிருந்தது. இப்போது அவன் போனில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. அப்புறம் கை வராதுன்னு இப்பவே போட்டுட்டேன். ஆனா நீ போடாத. நான் வர்ற வரைக்கும் போடாத. சூடா இருக்கறப்பவே அவர் கையை ஒரு தடவ பிடிக்கணும்க்கா. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்."

"போட மாட்டேன்டா. நீ பத்திரமா வா. நீ வந்தப்புறம் ரெண்டு பேரும் பக்கத்துல நின்னுக்கலாம்."

அப்படித்தான் சொன்னாள். மனதாரச் சொன்னாள். மருத்துவமனையின் மெயில் வந்ததும் அதைத் திறந்து பார்க்கத் தெம்பில்லாமல், நட்சத்திரக் குறி போட்டு மேலே ஒதுக்கி வைத்தாள். அன்று முழுவதும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இதைவிட ஜாக்கிரதையாக ஒரு மனுஷி என்னதான் செய்ய முடியும்?

மறுநாள் மாதக் கடைசி. வாடகை ஒப்பந்தங்கள் புதுப்பிக்கிற நாள், அலுவலகம் சந்தைக்கடையாக இருந்தது. லீவு போட்டிருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சாயங்காலம்தான் உள்ளே விடுவார்கள், வெறும் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு வேலையாவது பார்க்கலாம் என்று வந்துவிட்டாள். வாடிக்கையாளர் எதிரில் போன் கூடாது என்பது அங்கே விதி. போன் சத்தமில்லாமல் கைப்பைக்குள் கிடந்தது.

கையெழுத்து வாங்கித் தரும் அந்த இணையச் சேவைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யாராவது போடாமல் வைத்திருந்தால் மறுநாள் தானாகவே ஞாபகப்படுத்தும். அவள் அலுவலகம் பயன்படுத்துவதும் மருத்துவமனை பயன்படுத்துவதும் ஒரே சேவை. அதே நீலப் பட்டை, அதே வரி: "உங்கள் கையெழுத்துக்காக ஓர் ஆவணம் காத்திருக்கிறது." நட்சத்திரம் போட்டு ஒதுக்கிய மெயில் ஒதுக்கிய இடத்திலேயே பத்திரமாக இருந்தது. ஞாபகப்படுத்த வந்த மெயில், புதுப்பிக்க வந்திருந்த வாடகை ஒப்பந்தங்களுக்கு நடுவே சாதுவாக வந்து வரிசையில் நின்றுகொண்டது.

மின்னல் திறந்தாள். மஞ்சள் அம்பு வந்தது. அழுத்தினாள், பக்கங்கள் பறந்தன, கட்டத்தில் அவள் பெயர் சாய்ந்த எழுத்தில் விழுந்தது. 'முடி' என்ற பொத்தானை அழுத்தினாள். அடுத்ததைத் திறந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த புதுமணத் தம்பதியிடம், "பால்கனி இருக்கற வீடா பாத்துத் தர்றேன்" என்று சிரித்தாள்.

சாப்பாட்டு வேளையில்தான் போனை எடுத்தாள். மருத்துவமனை எண்ணிலிருந்து தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டதும் வார்டு நர்ஸ் தணிந்த குரலில் பேசினாள்.

"அப்பா போயிட்டாரும்மா. கஷ்டப்படல. தூக்கத்துல போற மாதிரிதான் போனார்."

"எப்படிப் போவார்? மெஷின் இருக்கே!"

"நீங்க காலைல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்களேம்மா. நேரா இங்க வருவீங்கன்னு நெனச்சோம். டாக்டரும் ரெண்டு மூணு தடவ கூப்பிடச் சொன்னாங்க. நீங்க எடுக்கல. சொந்தக்காரங்க வர்றவரைக்கும் காத்திருக்கணும்னா டிக் பண்றதுக்கு மூணாவது பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு. நீங்க டிக் பண்ணல. சில பேரால பாக்க முடியாதும்மா, வராமலே இருந்துடுவாங்க. நீங்களும் அப்படித்தான்னு…"

அந்தக் கட்டம் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்துக்கு அம்பு போகாது. இது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

எப்படி ஆட்டோ பிடித்தாள், எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அப்பாவின் தலைமுடியை யாரோ வாரிவிட்டிருந்தார்கள், அவர் வாராத பக்கமாக. நர்ஸாகத்தான் இருக்கும். அவள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது சில்லென்றுதான் இருந்தது. வாய்விட்டு அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொன்றவளே ஒப்பாரி வைப்பதா என்று நினைத்தாள். கொன்றது அவள் இல்லை, குளியலறைத் தரைதான் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல அங்கே யாரும் இல்லை.

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. கடைசிக் கையெழுத்து விழுந்தவுடன் சேவை எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பும். அவளிடம் அதுபோல் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு பச்சை டிக், அதன் கீழே, "நல்ல செய்தி! எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள்." அது தம்பிக்கும் போயிருக்கும். திரும்ப எடுக்க வழியில்லை. அனுப்பினால் அனுப்பியதுதான் என்று எத்தனை வாடிக்கையாளர்களிடம் கறாராகச் சொல்லியிருக்கிறாள்!

அவன் இன்னும் ஆகாயத்தில் இருந்தால் பார்த்திருக்க மாட்டான். அந்தப் பச்சை டிக்குக்கு முன்னால் தான் போய் நின்றுவிட வேண்டும் என்று விமான நிலையத்துக்கு ஓடினாள். வருகிறவர்கள் வெளியேறும் கண்ணாடிக் கதவுக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பூங்கொத்தோடு நின்றவர்கள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்துகொண்டார்கள்.

தம்பி வந்தான். இளைத்திருந்தான், தாடி வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் பெட்டியை விட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டான். அவன் கண்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன.

"விமானம் மாறுற எடத்துல மெயில் பாத்தேன்க்கா."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல உன் மேல கோபந்தான் வந்துச்சு. போட மாட்டேன்னு சொன்னாளேன்னு. அப்புறம் விமானத்துல உக்காந்து யோசிச்சேன். நீ போட்டிருக்கன்னா அவரால தாங்க முடியாமப் போயிருக்கும். நான் வரணும்னு அவர இழுத்துப் பிடிச்சு வெச்சிருந்தா அது எனக்காகத்தானே, அவருக்காக இல்லையே. நீ செஞ்சதுதான்க்கா சரி. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

"ஃபோன் பண்ணலாம்னு கைல எடுத்தேன், பண்ணல. அப்பா கையைப் பிடிச்சுட்டு நின்னுட்டிருப்ப, நடுவுல எதுக்குக் கூப்பிடணும்னு விட்டுட்டேன். நான் இல்லாட்டியும் நீ பக்கத்துல இருந்தல்ல. வழி முழுக்க அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்."

பேசாமல் இருந்திருக்கலாம். அவனே எல்லாவற்றையும் அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டான். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், ஆயுசுக்கும் நல்ல அக்காவாக இருந்துவிடலாம். ஒரு நொடி அந்த ஆசை அவளுக்கு வந்தது. ஆனால் அவன் அவள் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். அப்பாவைப் பிடித்திருந்த கை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்கிறான் என்று புரிந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டாள்.

"நான் இல்லடா."

"என்னக்கா?"

"நான் அங்க இல்ல. ஆபீஸ்ல இருந்தேன். என்னன்னு பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன், வாடகை ஒப்பந்தம்னு நெனச்சு. அவர் பக்கத்துல யாருமே இல்லடா."

அவன் அவளைப் பார்த்தான். திட்டவில்லை. திரும்பிப் போய், வழியில் கிடந்த தன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். வருகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் கிட்டே போனாள், தோளைத் தொடக் கையைத் தூக்கினாள், தொடவில்லை. அவன் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.